மீன் தொட்டி ஓவர்ஃப்ளோ பைப்பிங்: தண்ணீர் தானாக இறங்கும் வழியை அமைப்பது எப்படி

ஓவர்ஃப்ளோ வைத்த மீன் தொட்டியில் தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்பிலிருந்து பம்ப் அதை மேலே ஏற்றும். மேலே தொட்டி வழிந்து, பைப் வழியாகத் தண்ணீர் மறுபடி சம்ப்புக்கு இறங்கும். ஏறுவதற்குக் கரண்ட் வேண்டும், இறங்குவதற்கு எதுவும் வேண்டாம். கடைக்குப் போனால் நம் கவனமெல்லாம் பம்ப் மேல்தான் போகிறது. ஆனால் வீட்டுத் தரை நனைவது பெரும்பாலும் இறங்கும் வழியை யோசிக்காமல் விட்டதால்தான்.

சம்ப் என்றதும் சேலத்துக்காரர்களுக்கு வாசலில் புதைத்திருக்கும் மேட்டூர் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியை. அந்தத் தொட்டி தண்ணீரைக் கீழே பிடித்து வைக்கிறது, பம்ப் மேலே ஏற்றுகிறது; வாசல் சம்ப்புக்கும் மொட்டை மாடி டேங்குக்கும் உள்ள உறவுதான் இதுவும்.

கணக்குகள் குழம்பாமல் இருக்க, கடைசி வரை ஒரே தொட்டியை வைத்துப் பேசுகிறேன். உள் அளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். ஸ்டாண்ட் 75 செ.மீ. சம்ப் 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். தொட்டிக்குள் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஓவர்ஃப்ளோ பெட்டி. மணிக்கு 2000 லிட்டர் சுற்ற வேண்டும். உங்கள் தொட்டி வேறு அளவாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் விளிம்பு

ஏற்காடு மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. நல்ல மழைக்கு ஏரி நிரம்பிக் கோடி போகும்போது ஒரு தடவை நின்று பாருங்கள். எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் கோடியில் வெளியே போகும். வரத்து கூடினால் கோடியின் மேல் ஓடும் தண்ணீர் கொஞ்சம் தடிமனாகும், குறைந்தால் மெலிந்துவிடும். ஏரி எவ்வளவு பெரியது என்பதற்கும் கோடியில் போகும் அளவுக்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பும் ஒரு கோடிதான். பம்ப் 2000 லிட்டர் தள்ளினால் விளிம்பைத் தாண்டி 2000 லிட்டர் வரும். இறங்கும் பைப்பைப் பெரிதாக்கினால் சுற்று வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. வேகத்தைத் தீர்மானிப்பது பம்ப். இறங்கும் பைப்பின் வேலை, வந்ததை மிச்சம் வைக்காமல் கீழே சேர்ப்பது.

விளிம்பின் மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதற்கு, ஏரிக் கலிங்குகளுக்கு எஞ்சினியர்கள் பயன்படுத்தும் அதே கணக்குதான். 30 செ.மீ. விளிம்பில் மணிக்கு 2000 லிட்டர் வழிந்தால் தண்ணீர் சுமார் 1 செ.மீ. உயரம் நிற்கும். ஓட்டத்தை 4000 லிட்டர் ஆக்கினால் அது 2 செ.மீ. ஆகாது, 1.6 செ.மீ.தான் ஆகும். விளிம்பை 60 செ.மீ. நீளமாக்கினால் 6 மி.மீ.க்கு இறங்கிவிடும். மெல்லியதாக வழிந்தால்தான் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலமும் தூசும் சேர்ந்து வழியும். அதனால் விளிம்பை முடிந்தவரை நீளமாக வையுங்கள்.

மீன் விழாமல் இருக்கச் சீப்பு மாதிரி பற்கள் வைப்பார்கள். அப்போது கணக்கில் வருவது இடைவெளிகளின் மொத்த நீளம் மட்டும். பாதியைப் பல் அடைத்திருந்தால் உங்கள் 30 செ.மீ. விளிம்பு வெறும் 15 செ.மீ.தான், தண்ணீரும் 1.6 செ.மீ. உயரம் நிற்கும். தொட்டியின் மேல் விளிம்புக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் தொட்டியில் பெட்டியின் விளிம்பை 42 செ.மீ. உயரத்தில் வைக்கிறோம். பற்களுக்கு இடையிலான திறப்பு மொத்தம் 30 செ.மீ. வருகிற மாதிரி பெட்டியின் இரண்டு பக்கவாட்டையும் சேர்த்துக்கொள்கிறோம். ஓடும்போது தண்ணீர் 43 செ.மீ.யில் நிற்கும், மேலே 2 செ.மீ. காலி. இந்த 2 செ.மீ. கடைசிச் சோதனையில் திரும்ப வரும்.

விழும் உயரம்தான் சக்தி

பெட்டிக்குள் விழுந்த தண்ணீரை இழுப்பது புவியீர்ப்பு. இங்கே ஒரே ஒரு அளவுதான் முக்கியம்: பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் சம்ப் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். தொட்டி 100 லிட்டரா 1000 லிட்டரா என்பது பொருட்டே இல்லை. பைப் நேராக இறங்கினாலும் சுற்றி வளைந்து இறங்கினாலும் இழுக்கும் உயரம் அதேதான். வளைவுகள் அதில் ஒரு பங்கை உராய்வாகத் தின்றுவிடும், அவ்வளவுதான்.

1640களில் இத்தாலியில் டோரிசெல்லி சொன்ன விதி இதற்குப் போதும். உயரத்தை மீட்டரில் எடுத்து, 2ஆலும் புவியீர்ப்பின் அளவான 9.78ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், தடையே இல்லாத தண்ணீரின் வேகம் கிடைக்கும். நம் அமைப்பில் அந்த உயரம் சுமார் 80 செ.மீ. வேகம் நொடிக்கு 4 மீட்டர் அளவில் வருகிறது. பைப்பின் நுழைவாய், இரண்டு மூன்று எல்போ, சுவர் உராய்வு எல்லாம் சேர்ந்து அதைப் பாதியாக்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 2 மீட்டர். உள்விட்டம் 27 மி.மீ. இருக்கும் ஒரு இஞ்ச் பைப்பில், காற்று இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடினால், மணிக்குச் சுமார் 4000 லிட்டர். நமக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு.

இதில் வர்க்கமூலம் இருப்பதைக் கவனியுங்கள். பெட்டிக்குள் தண்ணீர் 2 செ.மீ. ஏறினால் உயரம் 80லிருந்து 82 ஆகும், ஓட்டமோ 1.2 சதவீதம்தான் கூடும். 2000 லிட்டரில் வெறும் 25 லிட்டர். அதாவது, பைப்பில் போவது கொஞ்சம் குறைந்தால் மட்டம் ஏறித் தானாகச் சரிக்கட்டிவிடும் என்று நம்ப முடியாது. பம்ப் மணிக்கு 60 லிட்டர் கூடுதலாகத் தள்ளினாலே இந்தச் சின்னப் பெட்டியில் மட்டம் நிமிடத்துக்கு 3 செ.மீ. ஏறும். இரண்டாவது பைப் ஏன் கட்டாயம் என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மலை மேலே புவியீர்ப்பு குறையுமே, தண்ணீர் மெதுவாக இறங்குமா என்று கேட்டார். நல்ல கேள்வி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 1200 மீட்டர் உயர வித்தியாசம். புவியீர்ப்பு குறைவது 0.04 சதவீதம். 2000 லிட்டர் ஓட்டத்தில் அது அரை லிட்டர்கூட இல்லை. ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சைஃபன் என்பது, தண்ணீர் நிறைந்த பைப் ஒரு மேட்டைத் தாண்டித் தண்ணீரைத் தானாகக் கீழே இழுப்பது; மேட்டில் ஏற அதற்குக் காற்றழுத்தம் வேண்டும். கடல் மட்டத்தில் சைஃபன் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் வரை தூக்கிக் கடத்தும். ஏற்காட்டில் அது எட்டரை மீட்டர் அளவுக்கு இறங்கும். நாம் கேட்பது சில செ.மீ.தான் என்பதால் கவலை இல்லை. சேலத்தில் வேலை செய்யும் பைப்பிங் அப்படியே அங்கேயும் வேலை செய்யும்.

காற்றோடு இறங்குவதா, நிறைந்து இறங்குவதா

ஒரு இஞ்ச் பைப்பைச் சும்மா நட்டு வைத்தால் தண்ணீர் அதை நிறைத்துக்கொண்டு இறங்காது. பைப்பின் சுவரை ஒட்டி வழியும், நடுவில் காற்று இருக்கும். கட்டிடங்களில் மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்ப் பைப்பும் இப்படித்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாத மாதிரிதான் அதை அமைப்பார்கள். அதற்கு மேல் போனால் தண்ணீர் காற்றை அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் சைஃபன் பிடித்து உறிஞ்சும், மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்து விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். இரவில் ஹாலில் கேட்கும் அந்த ‘கடகட’ சத்தம் இதுதான்.

சத்தத்தை அடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றோடு இறங்குவதை ஏற்றுக்கொண்டு, பெரிய பைப் போட்டு, மேலே ஒரு டீயும் (T வடிவ இணைப்பு) அதன் மூடியில் சின்னக் காற்று ஓட்டையும் வைப்பது. டர்சோ என்று சொல்வது இதைத்தான். மணிக்கு 1000 லிட்டருக்குள் ஓடும் சின்னத் தொட்டிக்கு ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் இது நன்றாகவே போகும்.

இன்னொன்று, வால்வு வைத்துப் பைப்பை நெருக்கி, காற்றே நுழையாமல் முழுக்க நிறைந்து ஓட வைப்பது. சத்தம் சுத்தமாக அடங்கிவிடும். ஆனால் மேலே பார்த்த மாதிரி மட்டம் தானாகச் சரியாகாது, அதனால் துணைப் பைப் வேண்டும். இரண்டு பைப் வைத்தால் ஹெர்பி, மூன்று வைத்தால் பீன் அனிமல். என் பரிந்துரை மூன்று பைப். கூடுதல் செலவு ஒரு டேங்க் நிப்பிளும் (கண்ணாடி ஓட்டையில் பைப்பைப் பொருத்தும் திருகு இணைப்பு) ஐந்தடி பைப்பும்தான். அதற்குக் கிடைப்பது நிம்மதியான தூக்கம்.

மூன்றுக்கும் வேலை வேறு. முதல் பைப் சைஃபன். பெட்டிக்குள் அதன் வாய் கீழ்நோக்கி வளைந்து, விளிம்புக்குக் கீழே சுமார் 25 செ.மீ. ஆழத்தில் இருக்கும். வால்வு இதில் மட்டும்தான். இரண்டாவது பைப்பின் வாய் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே. முதலாவது விட்டுவைக்கும் கொஞ்சத் தண்ணீர் இதில் நூல் மாதிரி வழியும். மூன்றாவது அவசரப் பைப், வாய் இன்னும் இரண்டரை செ.மீ. மேலே. மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டால் முழு 2000 லிட்டரையும் இது தனியாக இறக்கியாக வேண்டும். இதில் வால்வு வைக்கவே கூடாது. சாதாரண நாளில் இது காய்ந்தே இருக்கும்.

பொருத்தும் வேலை

கண்ணாடியில் ஓட்டை போடுவதாக இருந்தால், தொட்டி ஒட்டுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். டஃபன்டு கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, நொறுங்கிவிடும். டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி, அதன் திருகின் வெளி அளவை அளந்து, அதற்கேற்ற டயமண்ட் பிட் எடுங்கள். ரப்பர் வாஷர் அகன்ற விளிம்பின் பக்கம் வர வேண்டும். கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ஒரு இஞ்ச் பிவிசி பைப் கேட்டால் 32 மி.மீ. வெளிவிட்டத்தில் கொடுப்பார்கள். 25 மி.மீ. பைப் முக்கால் இஞ்ச். பார்க்கப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் தண்ணீர் போகும் பரப்பு பத்தில் ஆறு பங்காகச் சுருங்கிவிடும். விட்டம் பாதியானால் பரப்பு கால்தான் என்பதை மறக்க வேண்டாம்.

90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில், இடம் இருந்தால் 45 டிகிரி இரண்டு போடுங்கள். படுக்கையாகப் போகும் பகுதி இருந்தால் மீட்டருக்கு 2 செ.மீ.யாவது சரிவு கொடுங்கள். பைப் ஒரு இடத்தில் இறங்கி, மறுபடி மேலேறி, அப்புறம் இறங்குகிற மாதிரி மட்டும் அமைக்க வேண்டாம். அந்த மேட்டில் காற்று தங்கி சைஃபனைத் தடுக்கும்.

சைஃபன் வால்வைக் கீழே, சம்ப்புக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். கேட் வால்வு கிடைத்தால் நல்லது, துளித் துளியாகத் திருப்பலாம். ஆனால் பித்தளை கேட் வால்வு வேண்டாம். அதிலிருந்து கசியும் தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது. பிவிசி பால் வால்வு போதும், திருப்பும்போது பொறுமைதான் வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் போட்டுவிட்டால் பிறகு கழற்றிச் சுத்தம் செய்ய முடியும்.

கீழ் முனையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சைஃபன் பைப்பின் முனை சம்ப் தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்க வேண்டும். 10, 15 செ.மீ. இறக்கிவிட்டால், பம்ப் ஓட ஆரம்பித்ததும் பைப்பில் இருக்கும் காற்று அந்த ஆழத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் நின்றுவிடும், சைஃபனே பிடிக்காது. அதனால் தண்ணீர் இறங்கும் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி வைத்து நிலையாக வையுங்கள். சேலம் சித்திரை வெயிலில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் வரை ஆவியாகிறது. தடுப்பு இருந்தால் அந்தக் குறைவு பம்ப் அறையில் மட்டும்தான் தெரியும்.

பம்ப் வாங்கும்போது ஒன்று. பம்ப்பின் அட்டைப்பெட்டியில் 3500 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாமல் ஓட்டினால் வரும் அளவு. சம்ப் மட்டத்திலிருந்து தொட்டி மட்டத்துக்கு நம் கணக்கில் 95 செ.மீ., வளைவுகளின் உராய்வையும் சேர்த்தால் 1.3 மீட்டர் சுமை. அதிகபட்சம் 3 மீட்டர் ஏற்றும் பம்ப் என்றால் ஏறக்குறைய 2000 லிட்டர்தான் மேலே வரும். நம்பாமல் அளந்தே பாருங்கள்: 10 லிட்டர் பக்கெட் 18 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2000.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றாவது நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். கோடை மழைக் காற்றில் போகும் கரண்ட் சொல்லிவிட்டுப் போகாது. என் முதல் தொட்டியில் பம்ப்பிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் பைப்பின் வாய், தண்ணீருக்குள் 12 செ.மீ. ஆழத்தில் இருந்தது. தொட்டிக்குள் நல்ல ஓட்டம் கிடைக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்க என்ஆர்வி (ஒருவழி வால்வு) போட்டிருந்ததால் பயம் இல்லை. ஒரு மே மாதம் கோடை விழா பார்க்கக் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். மாலையில் கீழே நல்ல காற்று, மழை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். என்ஆர்வியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சின்ன நத்தை ஓடு அதன் மூடியை முழுக்க மூடவிடாமல் பிடித்திருந்தது.

நடந்தது இதுதான். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப்பே தலைகீழ் சைஃபன் ஆகிவிடும். மேலே தண்ணீர் அதிகம், கீழே குறைவு, பைப் நிறைந்திருக்கிறது. புவியீர்ப்பு இழுக்கத் தொடங்கும். பைப்பின் வாயில் காற்று நுழையும் வரை நிற்காது. நம் தொட்டியின் தண்ணீர்ப் பரப்பு 5400 சதுர செ.மீ. ஒவ்வொரு செ.மீ. இறங்கினாலும் 5.4 லிட்டர். 12 செ.மீ. என்றால் 65 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியில் இருப்பது, பைப்புக்குள் இருப்பது சேர்த்து இன்னும் 8 லிட்டர். சம்ப்பில் 20 செ.மீ. உயரம் தண்ணீர் ஓடும்போது மிச்ச இடம் 52 லிட்டர்தான். பாக்கி 20 லிட்டருக்கு மேல் தரைக்கு வரும்.

வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினால் கணக்கே மாறிவிடும். தொட்டியிலிருந்து 11 லிட்டர், மற்றவை 8, மொத்தம் 19 லிட்டர். சம்ப் 7 செ.மீ. ஏறி 27இல் நிற்கும், 40 செ.மீ. சம்ப்புக்கு இது ஒன்றுமே இல்லை. இதைவிட நம்பகமான பாதுகாப்பு எனக்குத் தெரிந்து கிடையாது. ஓட்டத்துக்காக வாயைக் கீழே வைத்தே ஆக வேண்டும் என்றால், ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 4 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கி ஓட்டை வெளியே தெரிந்ததும் காற்று நுழைந்து சைஃபன் அறும். ஆனால் எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாசியும் உப்பும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிடும், மாதம் ஒரு முறை பல்குச்சியால் குத்திவிட வேண்டும். என்ஆர்வி போடுவதானால் போடுங்கள். அதை நம்பிக் கணக்கைத் தளர்த்த வேண்டாம்.

ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது

மீன் விடுவதற்கு முன், வெறும் தண்ணீரில், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். வால்வை முழுக்கத் திறந்து பம்ப்பைப் போடுங்கள். சைஃபன் பைப்பிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். பெட்டிக்குள் மட்டம் ஏறும். ஒவ்வொரு தடவை திருப்பியதும் பத்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் மட்டத்தைத் துரத்திக்கொண்டேதான் இருப்பீர்கள். இரண்டாவது பைப்பில் நூல் மாதிரி தண்ணீர் விழ ஆரம்பித்து அப்படியே நின்றால் அது சரியான இடம். சத்தம் அடங்கிவிடும். அப்புறம் வால்வைத் தொட வேண்டாம்.

இப்போது பம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். சம்ப் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று அளந்து கணக்கோடு ஒத்துப்பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். வால்வைத் தொடாமலே ஓரிரு நிமிடத்தில் சைஃபன் தானாகப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு தடவை இதையே செய்யுங்கள். ஒரு தடவை பிடிக்காமல் போனாலும் கீழ் முனையின் ஆழத்தைக் குறையுங்கள்.

அடுத்து, சைஃபன் வால்வை முழுக்க மூடி, இரண்டாவது பைப்பின் வாயையும் துணியால் அடையுங்கள். அவசரப் பைப் மட்டும் எல்லாவற்றையும் இறக்குகிறதா? சத்தம் போடும், போடட்டும். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி.

கடைசியாக மூன்றையும் அடைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். பம்ப் அறை காலியாகிப் பம்ப் காற்றை இழுக்கும் வரை தொட்டி வழியக் கூடாது. நம் பம்ப் அறை 25 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், பம்ப் வாய்க்கு மேலே 11 செ.மீ. தண்ணீர். அது ஒன்பதரை லிட்டர். மேலே விட்டுவைத்த 2 செ.மீ. இடம் 10.8 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் சொச்சம்தான் மிச்சம், ஆனாலும் வழியாது. பம்ப் அறையை இன்னும் பெரிதாகக் கட்ட ஆசை இருந்தால், தொட்டியின் மேலேயும் அதற்கேற்ற இடத்தை விடுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததும், பம்ப் அறைக் கண்ணாடியில் ஓடும்போது இருக்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஆவியான தண்ணீருக்கு டாப்-அப் ஊற்றும்போது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கோடு வரைக்கும்தான் ஊற்ற வேண்டும், கரண்ட் இல்லாதபோது ஊற்றவே கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.